அருளும் ஆற்றலும்

கணவன் தம்மைத் தெய்வமெனத் தொழுது விலகிய பின், காரைக்கால் அம்மையார் தம் அழகிய சரீரத்தை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். ஒளவையாரோ விநாயகரை இரந்து இளமையிலேயே மூப்பெய்தினார் என்பது கர்ணபரம்பரை. இச்சரிதங்களைப் பக்தியோடு கேட்டு வளர்ந்த நாம், ஒரு ஸ்திரீ ஸ்வதந்திரமாக உலகில் நடமாட வேண்டுமாயின் முதலில் பெண்மையைத் துறந்தாக வேண்டும் என்னும் அபிப்பிராயத்தையும், நம்மை அறியாமலே, கைக்கொண்டுவிட்டோம். அது பிழை என்பதற்கு அந்தமான் தீவுகளில் நடந்த ஒரு சம்பவமே எனக்குப் போதிய பிரமாணமாகத் தோன்றுகிறது.

தென் அந்தமானுக்கு மேற்கே உள்ள வட சென்டினல் தீவின் மக்கள், அந்நியரை அம்பெய்து விரட்டுவதில் உறுதியானவர்கள். 1974-இல் அங்கு சென்ற படப்பிடிப்புக் குழுவின் இயக்குநர் தொடையில் அம்பு பட்டுத் திரும்பினார். அந்தக் கரையை நோக்கி 1991 ஜனவரி 4-ஆம் தேதி சென்ற அரசாங்கக் குழுவில், இந்திய மானுடவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மதுமாலா சட்டோபாத்யாய் என்னும் வங்காளப் பெண்மணி இருந்தார். உயிருக்கு அபாயம் நேரினும் நஷ்டஈடு கோருவதில்லை என்று அவரும் அவருடைய பெற்றோரும் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தனர். படகிலிருந்து தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டு, பிற தீவுக் குடிகளிடம் தாம் கற்றிருந்த சொற்களால் அவர் கரையிலிருந்தோரை அழைத்துக்கொண்டிருக்கையில், ஓர் இளைஞன் வில்லை வளைத்து அவரைக் குறிவைத்தான். அவன் பக்கத்தில் நின்ற சென்டினல் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிடவே, அம்பு கடலில் விழுந்தது. பின்பு அப்பெண்ணின் தூண்டுதலால் அவனும் நீரில் இறங்கித் தேங்காய் பொறுக்கினான். அன்று மதுமாலா நீரில் நின்று, தம் கையாலேயே அவர்களுக்குத் தேங்காய் வழங்கினார்.

பெண் ஒருத்தி உடனிருந்ததைச் சமாதானத்தின் அடையாளமாக அத்தீவினர் கொண்டனர் என்பர். அது மெய்யாக இருக்கலாம். ஆனால் பெண்ணாகப் பிறந்தது ஒன்றே அந்தக் காரியத்தைச் சாதித்தது என்று சொன்னால், ஆண்டுக்கணக்கில் தீவுக் குடிகளிடையே தனியாகத் தங்கி, அவர்கள் பேச்சையும் வாழ்வையும் பயின்ற பரிசிரமத்தை நாம் அவமதித்தவர்களாவோம். அச்சத்தையும் மடத்தையும் நாணத்தையும் பெண்ணுக்கு அணியாகப் பூட்டிய நம் முன்னோர், அம்புக்கு எதிரே அசையாது நின்று தேங்காயை நீட்டிய கையை எவ்வாறு வர்ணித்திருப்பார்களோ! அந்தக் கை பெண்மையையும் இழக்கவில்லை, நடுங்கவும் இல்லை. கரையில் நின்றபடி இளைஞனைத் தடுத்த அந்தப் பெயரறியாப் பெண்ணுக்கும் நான் அதே வணக்கத்தைச் செலுத்துகிறேன்.

சைவ சித்தாந்தம் சிவனின் அருளையே சக்தி என்கிறது. ஆற்றல் ஒன்று, கருணை மற்றொன்று என அது பிரித்து வைக்கவில்லை. உலகை இயக்கும் வல்லமையும் உயிர்களிடத்துக் கசியும் இரக்கமும் ஒரே தத்துவம். கோயிலில் இந்தத் தத்துவத்தை வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்தவுடன், வல்லவளாயின் இரக்கம் அற்றவள் என்றும், இரக்கமுள்ளவளாயின் அண்டி வாழ்பவள் என்றும் பெண்களை இரு கூறாக்குவது, சாஸ்திரத்துக்கே விரோதமான செய்கையென்று நான் துணிந்து கூறுவேன். சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கியர் என்னும் பழங்குடியினரிடையே செவிலியாகப் பணியாற்றி, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அவர்களோடு காட்டிலே தங்கி, 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சாந்தி தெரசா லக்ரா எந்தக் கூற்றில் அடங்குவார்?

ஸ்வதந்திரம் என்பதைப் பிறர் தடையின்றி நினைத்த இடத்துக்குச் செல்வதென்று மட்டும் கொள்ளுவோர், மதுமாலாவின் பிற்காலத்து நிலைப்பாட்டையும் கவனிக்க வேண்டும். அந்தக் கரையை நெருங்கும் பேறு பெற்ற அவரே, வெளியாரின் தொடர்பால்தான் தீவு மக்களுக்குத் துன்பம் வந்தது, அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதே அவர்களுக்கு வேண்டியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அங்கு மீண்டும் செல்லும் விருப்பம் தமக்கு இல்லை என்றும் கூறினார். அரசாங்கமும் 1990-களிலேயே அத்தீவுக்கான தொடர்புப் பயணங்களை நிறுத்திவிட்டது.