அது அந்தப் பிள்ளையோட கர்மாவா?

எங்கள் வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டில் தேவாரம் பாட ஒரு பத்து வயசுப் பிள்ளை வருகிறாள். நல்ல குரல். ஆனால் சாம்பிராணிப் புகை கிளம்பினால் இரண்டாவது பதிகத்துக்குள் இருமல் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் விசில் சத்தம். அவள் அம்மா இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அவளை வெளியே கூட்டிப் போவார். மூன்றாவது தடவை இப்படி நடந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "அந்தக் காலத்துல எங்களுக்கெல்லாம் இது வந்துச்சா? அது அந்தப் பிள்ளையோட கர்மா. வெளிய உக்காந்து பாடட்டுமே."

நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பெரியவர் ஆயிற்றே. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. தூசி, மகரந்தம் போன்ற தீங்கில்லாத ஒன்றை உடல் பகை என்று குறித்து வைத்துக்கொள்வதில்தான் ஒவ்வாமை தொடங்குகிறது. இப்படிக் குறித்து வைத்த உடல்கள் கடந்த சில தலைமுறைகளில் பல நாடுகளில் பெருகிவிட்டன. ரத்தம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. மாறியது நாம் வாழும் இடம்தான்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. இரண்டுக்கும் ஐரோப்பிய வேர், மரபணுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆமிஷ் மக்கள் இன்னும் குதிரை பூட்டி உழுகிறார்கள். மாட்டுத் தொழுவம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும். ஹட்டரைட் மக்களுக்கு எல்லாம் பெரிய இயந்திரப் பண்ணை. 2016-இல் வெளிவந்த ஆய்வில், ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 விழுக்காடு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 விழுக்காடு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்களின் எச்சம் பல மடங்கு அதிகம் இருந்தது. சின்ன வயதிலேயே அதோடு பழகிய உடல், எதற்குச் சண்டை போட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது.

நம் தாத்தா பாட்டி தோட்டப்புற லயத்தில் மாட்டோடும் ஆட்டோடும் வளர்ந்தவர்கள். (அதற்காக லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் ஆக்க வேண்டாம். மலேரியாவும் அங்கேதான் இருந்தது.) நாம் செபராங் ஜெயாவில் சன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். ஈரக்காற்றில் மெத்தைக்குள் தூசிப் பூச்சி பெருகுகிறது. ஒரு பக்கம் பிறை தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை லாரிகள். டீசல் துகளும் ஒவ்வாமைப் பொருளும் ஒன்றாக மூக்குக்குள் போனால் உடலின் எதிர்ப்பு இன்னும் கூடுகிறது என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். 2015-லும் 2019-லும் புகைமூட்டத்தில் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். வீட்டுக்குள் என்ன வாழுகிறது? சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை 2003-இல் ஆராய்ந்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம்!

அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் மூச்சுக்கு யார் காரணம்? தொழிற்சாலை லாரியைக் காட்டும், லாரிக்காரர் சுமத்ரா காட்டுத்தீயைக் காட்டுவார், நாம் எல்லாரையும் காட்டுவோம். ஒவ்வொருத்தர் பங்கும் துளிதான். பங்கு துளியானால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடுமா? தேர் வடத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் இழுக்கிற தேரில் என் கை இல்லாவிட்டாலும் தேர் நகரும். ஆனாலும் வீட்டுக்கு வந்து "நான் தேர் இழுத்தேன்"னுதான் சொல்றோம். புண்ணியத்தில் பங்கு கேட்கிறவன் பாவத்தில் மட்டும் கையை உதறுவது எந்த ஊர் நியாயம்?

கர்மா என்ற சொல்லைத்தான் நாம் ரொம்பத் தப்பாகப் புழங்குகிறோம். அது என் செயலை நான் பார்த்துக்கொள்வதற்கு வந்த கண்ணாடி. அதை அடுத்தவன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தால், உதவாமல் இருக்க ஒரு சாக்குதான் மிஞ்சும். அந்தப் பிள்ளைக்கு இளைப்பு வந்தது அவள் கர்மா என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்த பிறகும் தூபக்காலை அவள் பக்கத்திலேயே வைத்தால், அது யார் கர்மா?

அடுத்த வாரம் பெரியவரிடம் போய்ப் பேசினேன். "இன்னைக்குச் சாம்பிராணிய வேணாம்பீங்க, நாளைக்குக் கற்பூரத்தையா தம்பி?" என்றார். அந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். ஒவ்வொன்றாக விட்டு விட்டுத்தான் எத்தனையோ வழக்கங்களை இழந்தோம். "ஐயா, விரதம் இருந்தா நம்ம வயிறுதான் காயுது. இந்தப் புகைக்கு மட்டும் அந்தப் பிள்ளையோட நெஞ்சு விலை கொடுக்குதே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

இப்போது தூபக்கால் வாசல் பக்கம், செருப்பு வைக்கும் தட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். லாரிப் புகை வரத்தான் செய்கிறது, அதற்கு மாநகர் கழகத்துக்கு எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை அவள் மூன்று பதிகம் பாடினாள். பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பதிகத்துக்குத் தாளம் போட்டார்.