பிள்ளையின் ஏக்கம் ஈமானின் குறையா?

அயல்நாடு போய்க் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று, இன்னும் ஏன் முகம் வாடிக் கிடக்கிறான்? ஷுக்ர் செய்யத் தெரியாத பிள்ளை!" பதினைந்து வயதில் வரும் ஊர் ஏக்கம் நன்றிகேடா? ஈமானின் பலவீனமா?

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஸஹாபாக்களை நினைத்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்காகத் தாமே துணிந்து புறப்பட்டவர்கள். அப்படியிருந்தும், ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் படுத்தபோது, மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் மலைகளையும் இனிக் காண்போமா என்று கவி பாடி ஏங்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) இதைத் தெரிவித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. மக்காவைப் போல, அதைவிடவும் அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள். பிலாலுக்கே வந்த ஏக்கம் நம் பிள்ளைக்கு வரக் கூடாதா? அதிலும், புறப்படும் முடிவை எடுத்தவர்கள் நாம். பிள்ளையைக் கேட்டா எடுத்தோம்?

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) தம் வயதொத்த வாலிபர்களுடன் நபியவர்களிடம் இருபது நாட்கள் தங்கினார்கள். வீட்டை நினைத்து அவர்கள் ஏங்குவதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, யாரையெல்லாம் விட்டு வந்தீர்கள் என்று விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள். விசாரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அபிசீனியாவில் பிறந்த சிறுமி உம்மு காலித் (ரலி) மதீனா வந்தபோது, பெருமானார் (ஸல்) ஓர் ஆடையை அணிவித்து, அபிசீனியச் சொல்லாலேயே அழகென்று பாராட்டினார்கள். பெற்றோருக்கு அது தஞ்சம் புகுந்த நாடு. குழந்தைக்கோ பிறந்த மண்.

கனடாவின் டொராண்டோவில் டிசம்பர் மாதம் நம் ஷாபிஈ கணக்குப்படி இரண்டரை மணியளவில் அஸர் வந்துவிடும். லுஹர் நேரம் பள்ளிக்கூடத்திலேயே கழிந்துபோகும். தொழ இடம் கேட்கப் பிள்ளைக்குக் கூச்சம். வகுப்பில் பிள்ளையின் பெயர் சிதைகிறது. உம்மாவின் நோயை டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் அந்தப் பிள்ளையின் தலையில்தான். இத்தனையையும் 'ஸப்ர் செய்' என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடுவது ஸப்ர் அல்ல, நம் சோம்பல்.

ஊணும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, வாழ்வே வெறுத்ததுபோல் பேசினாலோ, ஓதிப் பார்ப்பதோடு நில்லாமல் டாக்டரிடம் உடனே கூட்டிச் செல்லுங்கள். வைத்தியம் செய்யச் சொன்னதும் நம் மார்க்கமே. மற்ற நாட்களில், ஐந்து மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும் அந்த நீண்ட இரவுகளில், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளை ஊரைப் பற்றிப் பேசுவதை வாப்பா கேட்கட்டும். இடையில் புகுந்து நஸீஹத் செய்யாமல் கேட்கட்டும்.