கீசர் தானே அணைந்தால்

மார்கழி விடியல். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வருகிறது. துண்டும் தோளுமாக ஒருவர் நிற்கிறார், பள்ளி வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. இந்தப் பரபரப்பில் கேஸ் கீசர்மீது கை வைக்கப் போகிறீர்களே, கொஞ்சம் நில்லுங்கள். கைக்கு முன்னால் காதைக் கொடுங்கள்.

தண்ணீர் திறந்ததும் ‘டக் டக்’ என்று பொறி அடிக்கிறதா? இல்லையென்றால் பெரும்பாலும் அடியிலுள்ள இரண்டு பெரிய பேட்டரிகள் தீர்ந்திருக்கும். மாற்றியும் சத்தமில்லையா, தண்ணீருக்கு வேகம் போதவில்லை. மேல்தொட்டியைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊர் என்றால், நீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடை அடைத்திருக்கும். பொறி அடித்தும் தீ பிடிக்காவிட்டால் சிலிண்டர் காலியாகியிருக்கலாம். மறுபடி மறுபடி முயலாதீர்கள். வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வேலை அதோடு முடிந்தது. மூடியைக் கழற்றாதீர்கள்.

எரிந்துகொண்டிருந்த கீசர் பாதியில் அணைகிறதா? அதைப் பழுது என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 20 நிமிடம் தொடர்ந்து எரிந்தால் தானே நின்றுவிடும்படி அமைத்த கீசர்கள் உண்டு. சூடு மிஞ்சினால் நிறுத்த ஒரு சென்சார், சுடர் அவிந்தால் வாயுவை அடைக்க இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக் இரண்டு ஒயர்களை உரித்து முறுக்கிவிட்டு, “சென்சாரை எடுத்துட்டு டைரக்டா குடுத்துட்டேன் சார், இனிமே அணையாது” என்றார். நான் மனம் குளிர்ந்து நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். காவல் நாயைக் கொன்றவனுக்குக் கூலி கொடுத்திருக்கிறேன் என்று புரிய ஒரு வாரமானது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ‘டைரக்ட்’ என்ற சொல் காதில் விழுந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் காற்றுக் கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாலுக்கு ஆறு அடி குளியலறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்றே ஐந்தரை கன மீட்டர்கூட இல்லை. அதில்தான் குளிப்பவரும் மூச்சு விட வேண்டும். காற்று குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. சிலிண்டர் வாயுவுக்காவது வாடை சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், கால் துவளும். தாழ்ப்பாளை நீக்க வேண்டும் என்று தோன்றும்போது கை எழாது.

அதனால் வீட்டுச் சொந்தக்காரர்களே, கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். பால்கனியிலோ பின்கட்டிலோ திறந்த வெளியில் மாட்டி, வெந்நீரைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். குடியிருப்பவர் வாடகைதானே தருகிறார் என்று இதில் கணக்குப் பார்க்க வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்ற சமாதானமும் வேண்டாம். மின்சாரம் போனால் அது நின்றுவிடும், தீ நிற்காது. நீலமாக எரிந்த சுடர் மஞ்சளாக மாறினாலோ, மேல்தகட்டில் கரி படிந்தாலோ, அன்றே கீசரை நிறுத்திவிட்டுத் தயாரித்த நிறுவனத்தின் ஆளை வரவழையுங்கள். அதுவரை அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் போதும். நம் பாட்டிமார் அப்படித்தான் ஊற்றிவிட்டார்கள்.

உள்ளே போனவர் குரல் கொடுத்தும் பதில் சொல்லவில்லையா? கூச்சம் பார்க்காமல் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இன்று இரவே குளியலறை வென்டிலேட்டரை அண்ணாந்து பாருங்கள். குளிர் அடிக்கிறதென்று யாரோ ஒரு அட்டையைச் செருகி வைத்திருப்பார்கள். அதை உருவி எடுத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.