மேடைக்கும் மாணவனுக்கும் நடுவே

கலைஞன் ஒருவன் தன் நேரத்தை யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? கேட்கக் காத்திருக்கும் அவைக்கா, கற்கக் காத்திருக்கும் மாணவனுக்கா? எல்லாக் கலைகளுக்கும் பொதுவான இவ்வினா, மேலை மரபிசையைப் பியானோவில் இசைப்போரிடம் மிகக் கூர்மையாக எழுகின்றது. 88 கட்டைகளின் மேல் பத்து விரல்களையும் நாள்தோறும் பல மணி நேரம் பழக்காமல் எவரும் மேடையேற இயலாது. அத்தகைய கலைஞர் மாலை வேளையில் ஒரு சிறுவனை அருகில் அமர்த்திப் பாடம் சொல்லும்போது, தமக்கே போதாத நேரத்திலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறார். இது ஈகையா, இழப்பா என்று நாம் சிந்திப்பது தகும்.

மேடையில் வெல்ல இயலாதவரே ஆசிரியராகிறார் என்னும் ஏளனப் பேச்சு நம்மிடையே உண்டு. வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. வியன்னா நகரில் பிறந்த கார்ல் செர்னி (1791–1857) பீத்தோவனின் மாணவர். மேடையில் பெரும்புகழ் பெறத்தக்க திறன் வாய்ந்தவர். ஆயினும் அவர் கச்சேரி வாழ்வைப் பெரிதும் விட்டுவிட்டு, நாளுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாகப் பாடம் சொன்னார். சிறுவன் பிரான்ஸ் லிஸ்ட் அவரிடம் வந்தபோது, கட்டணம் பெறாமலே கற்பித்தார். பின்னாளில் ஐரோப்பாவையே வியக்கச் செய்த லிஸ்ட், 1847-ஆம் ஆண்டில் கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் தாமும் கட்டணமின்றி மாணவர்க்குக் கற்பித்தார். பெற்றதைப் போலவே கொடுத்தார் எனலாம்.

இதற்கு ஐரோப்பாவரை செல்ல வேண்டியதுமில்லை. நம் பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள மயிலாப்பூரில், சாய் லாட்ஜ் என்னும் விடுதியின் அறையொன்றில், தன்ராஜ் மாஸ்டர் மேலை இசை கற்பித்து வந்தார். 1968-இல் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளைஞர் ஒருவர் அவரிடம் பியானோவும் இசைக்குறிப்பு வாசிப்பும் கற்றார். அவரே இளையராஜா. அவரது முதற்படமான ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976-இல். ஏ. ஆர். ரகுமானும் தம் இளமையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவரே. 2025 மார்ச் 8 அன்று லண்டன் மாநகரில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அவ்வரங்கின் கைத்தட்டலைக் கேட்க ஆசிரியர் உயிருடன் இல்லை.

இங்கே நாம் ஒரு தவற்றில் விழக்கூடும். ‘இத்தகைய மாணவர்களை உருவாக்கினாரே, அதனால் அவர் உழைப்பு வீண்போகவில்லை’ என்று சொல்லத் தோன்றும். அப்படியானால், புகழ்பெறாத மாணவர்களுக்காக அவர் செலவிட்ட மணி நேரங்கள் வீணா? பத்து மாதம் கற்றுவிட்டு வேலை தேடிப் போனவனுக்கும், திருமணமானபின் கட்டைகளைத் தொடாத பெண்ணுக்கும் கொடுத்த பாடங்கள் கணக்கில் சேராதவையா? அவ்வாறு கணக்கிட்டால், ஆசிரியர் பந்தயக் குதிரையைத் தேர்ந்தெடுப்பவர் ஆகிவிடுவார். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை வெறும் சீட்டாகிவிடும்.

கடலருகே வாழும் நாம் ஒன்றை அறிவோம்: உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. பியானோவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. ஈரமும் உப்பும் பட்டால் அவை துருவேறும், சுருதி கலையும். எனவே மீண்டும் மீண்டும் சுருதி கூட்டியாக வேண்டும். கலைந்துவிடும் என்பதற்காக எவரும் அவ்வேலையை வீண் என்பதில்லை. நடுத்தரத் திறனுள்ள மாணவனின் அதே விரற்பிழையை வாரந்தோறும் திருத்துவதும் இத்தகைய பணியே. அதன் மதிப்பு நாளை வரக்கூடிய புகழில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவன் இன்னொருவனை முழுக்கவனத்துடன் செவிமடுத்தான் என்பதில் இருக்கிறது.

எனினும் கலைஞன் தன் பயிற்சியை முற்றிலும் துறந்துவிட வேண்டுமென நாம் கூறவில்லை. தான் வாசிப்பதை நிறுத்தியவரின் பாடம் நாளடைவில் விதிமுறைகளாக வறண்டுவிடும். ஷோப்பன் பாரிஸ் நகரில் பெரும்பாலும் பாடம் சொல்லியே வாழ்ந்தார். வாழ்நாளில் அவர் வழங்கிய பொதுக் கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதே. ஆயினும் இசை படைப்பதையும் வாசிப்பதையும் அவர் விடவில்லை. அவ்வாறே, உழைப்புக்கேற்ற கட்டணம் பெறுவதும் நீதியே. நீதி தவறுவது, ‘உங்கள் பிள்ளை சினிமாவில் கொடிகட்டிப் பறப்பான்’ என்று பொய்யான நம்பிக்கையை விற்கும்போதுதான்.

இதில் பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு. எட்டு கிரேடு தேர்வுகளையும் எத்தனை ஆண்டில் முடிக்கலாம் என்பதே நம்மில் பலர் ஆசிரியரிடம் கேட்கும் முதற்கேள்வி. தேர்வு தீங்கன்று, அது பயிற்சிக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. ஆனால் சான்றிதழ் ஒன்றே நோக்கமானால், மூன்று பாடல்களை மட்டும் ஓராண்டு முழுதும் உருப்போட்டு, நான்காவது பாடலை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளையே நாம் வளர்ப்போம்.

ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் பாடகர் குழுவுக்குத் துணையாகக் கீபோர்டு வாசிக்கும் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு முதன்முதலில் விரல் வைக்கக் கற்றுத் தந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டு, அவர் இன்னும் நம்மிடையே இருந்தால், நேரில் சென்று நன்றி கூறிவருவோம்.