ஆயர்பாடியில் குடியேறிய அப்பாவும் மகளும்

(ஆடிப்பூரத்தை ஒட்டிச் சிவகாசியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடிப்பூரக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடத்தில் இன்று கொஞ்சம் நிற்கப் போகிறேன். பெரியாழ்வார் என்று நாம் அழைக்கிற விஷ்ணுசித்தர் வில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் ஒரு குழந்தையைக் கண்டார், எடுத்தார், கோதை என்று பேர் வைத்தார், வளர்த்தார். இவ்வளவோடு முடித்துக்கொண்டு, மாலை சூடிய கட்டத்துக்கு ஓடிவிடுகிறோம். எடுத்ததற்கும் வளர்த்ததற்கும் நடுவில் எத்தனை ராத்திரி இருந்திருக்கும்! பூப்பறித்து மாலை கட்டுகிற கைங்கரியத்தைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் அவர். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

இதை இன்றைக்குக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், அமெரிக்கா என்று வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் தத்தெடுக்க ஊருக்கு வருகிறார்கள். சில சமயம் அக்கா தம்பியென்று இரண்டு பிள்ளைகள் சேர்ந்தே கிடைப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுநாளே விமானம் ஏற முடியாது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார். விண்ணப்பம் போட்ட இரண்டு மாதத்துக்குள் தரவேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகு குழந்தைக்குப் பாஸ்போர்ட், அப்புறம் விசா. அதுவரைக்கும் லாட்ஜ் அறையிலோ, சொந்தக்காரர் வீட்டு மாடியிலோ காத்துக்கிடக்க வேண்டியதுதான். "லீவெல்லாம் வீணாகப் போகுது சாமி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பிள்ளைகளோடு வாழ்க்கையைத் தொடங்கலாம்" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கென்னவோ அந்தக் காத்திருப்பு பெருமாள் கொடுத்த சலுகை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் அவர்களுடையது. கட்டில், பாஷை, சாப்பாட்டு நேரம், குளிர், எல்லாம். குழந்தை மட்டும்தான் அங்கே புதுசு. இங்கே இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தெரிந்த சோறும் தமிழும் பக்கத்தில் இருக்கின்றன. லாட்ஜ் அறை தத்தெடுத்தவர்களுக்கும் சொந்தமில்லை, பிள்ளைகளுக்கும் சொந்தமில்லை. இருவருமே விருந்தாளிகள்.

பெரியாழ்வார் செய்ததும் இதுதான், தன் வீட்டை விட்டு இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊருக்குப் போனார். அவர் பாடிய 473 பாசுரங்களில் பல்லாண்டு 12, மீதி 461 திருமொழி. அதில் எத்தனையோ பதிகங்களில் அவர் வில்லிபுத்தூர்க்காரராகவே இல்லை. ஆயர்பாடிக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளை யசோதையாகிவிட்டார். யசோதை யார்? பெறாமல் வளர்த்தவள். அவள் குரலில் அவர் எதைப் பாடுகிறார் என்று பாருங்கள். தொட்டிலில் இட்டுத் தாலாட்டு. நிலாவைக் கூப்பிட்டுக் காட்டுவது. சப்பாணி கொட்டச் சொல்வது. தளர்நடை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வா என்று கெஞ்சுவது. காது குத்தப் பிடித்து வைக்கப் படாதபாடு படுவது. தலைவாரும்போது அழாமலிருக்கக் காக்காயைக் கூப்பிடுவது. பூச்சூட்டுவது. சாயங்காலம் தெருவிலேயே நிற்காதே என்று அழைத்து அந்திக்காப்பு இடுவது.

பெரிய வேதாந்தம் ஏதாவது இருக்கிறதா? பாண்டியன் சபையில் பரதத்துவத்தை நிலைநாட்டி, யானைமேல் ஊர்வலம் வந்த மகா பண்டிதர் ஐயா அவர்! குழந்தையிடம் வந்ததும் எண்ணெயும் சீப்புமாக உட்கார்ந்துவிட்டார். வந்து சேர்ந்த பிள்ளைக்கு உபதேசம் எடுபடாது. நேற்று வாரிவிட்ட கை இன்றைக்கும் வாரிவிடுகிறதா, நேற்று அந்தியில் கூப்பிட்ட குரல் இன்றைக்கும் கூப்பிடுகிறதா, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். புதுசாக வந்த வீட்டில் சொன்னதெல்லாம் கேட்பார்கள். தட்டைக் கழுவி வைப்பார்கள். "எவ்வளவு நல்ல பிள்ளை!" என்று நாம் மெச்சிக்கொள்வோம். எனக்கு அந்த நல்லபிள்ளைத்தனத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். விருந்தாளிதான் அப்படி இருப்பான். தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கிற பிள்ளை, நாளைக்கும் சோறு உண்டா என்று உங்களிடம் கேட்கிறது. திட்டாமல், காலையில் அதே இடத்தில் இன்னொரு பொட்டலம் வைத்துவிடுங்கள்.

இப்போது மாலைக்கு வருவோம். வில்லிபுத்தூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்குக் கட்டிய மாலையைக் கோதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள். அதைப் பக்தி என்றும் காதல் என்றும் பெரியவர்கள் வியாக்கியானம் செய்திருக்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு தகப்பனின் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். கண்டெடுத்த பிள்ளை, அப்பா உயிராக மதிக்கிற பொருளைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்கிறது! தன் வீடு என்று நிச்சயமானால்தானே அந்தத் துணிச்சல் வரும்? அப்பா பதறினார், கண்டித்தார், வேறு மாலை கட்டினார். பெருமாளோ கனவில் வந்து, அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். இன்றைக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரையில் அழகருக்கும் வில்லிபுத்தூரிலிருந்து அவள் மாலை போகிறது. பிள்ளை முதல்முதலாகக் குறும்பு செய்கிற அன்றைக்கு, தத்தெடுத்தவர்கள் ஒரு கால்கிலோ பால்கோவா வாங்கிக் கொண்டாடலாம்.

அப்பா போன ஊருக்கே மகளும் போனாள் என்பதுதான் இதில் விசேஷம். அவள் பாடிய திருப்பாவையில் இருபத்தொன்பது பாசுரங்களிலும் அவள் ஆயர்பாடிப் பெண். தோழிகளெல்லாம் அந்த ஊர்ப் பெண்கள். கடைசிப் பாசுரத்தில் மட்டும் வில்லிபுத்தூருக்குத் திரும்பி, தன் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறாள். துளசியடியில் கிடைத்தவள் இன்னார் மகள் என்று அவளே கையெழுத்துப் போடுகிறாள். எந்த ஆட்சியர் ஆணை இதற்கு ஈடாகும்?

நம் ஊரிலும் கோதைகள் உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பயராபீஸ் (பட்டாசு ஆலை) விபத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. அம்மாவை, அப்பாவை இழந்த பிள்ளைகள் சித்தி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் ஒரு துணிப்பையோடு வந்து சேருகிறார்கள். இவர்களுடைய படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். நல்லது. பள்ளிக்கூடப் பணம் வந்துவிடும், ராத்திரி பயந்து எழுந்தால் சித்திதான் எழுந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருதானே என்று நினைக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருவும் பரதேசம்தான். அந்தப் பிள்ளையிடம் "இனிமே என்னை அம்மான்னு கூப்பிடு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் அம்மா இருந்தாள். கண்ணனைப் பெற்ற தாய் வேறு என்பதைப் பெரியாழ்வார் மறைக்கவே இல்லை. கண்ணனைப் பாதம் தொடங்கித் தலைமுடி வரை வருணிக்கிற பதிகம் ஒன்று உண்டு. அதன் முதல் பாட்டிலேயே, கடலில் பிறந்த அமுதம் போன்ற தேவகி யசோதைக்கு அனுப்பிவைத்த பிள்ளை என்று இரண்டு தாய்மாரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். யசோதையாகவே வாழ்ந்தவருக்குத் தேவகி பேரைச் சொல்ல வாய் கூசவில்லை. தத்துப்போன பிள்ளை வளர்ந்தபின் தன் வேரைத் தேடலாம் என்று இன்றைய விதிமுறைகளும் இடம் கொடுக்கின்றன. அதற்குப் பயந்து பழைய போட்டோவையும் பழைய பேரையும் ஒளித்து வைக்கிற பெற்றோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தேவகியின் பக்கம் நின்று பாடியவர் குலசேகராழ்வார். தாலாட்டக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவள் புலம்புகிற பதிகம் பெருமாள் திருமொழியில் ஏழாவது. யசோதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தேவகியை விட்டுவிட்டுப் போக முடியாது. நாளை ஆறரை மணிக்கு அந்தப் பதிகத்தை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.