பொறுப்பதா, அறுப்பதா?

நெடுநாள் கணுக்கால் வலியோடு வாழும் அன்பர்கள் சிலர், 'சிகிச்சையை நாடுவது திதிக்ஷைக்கு முரணல்லவா?' என்று வினவுவதுண்டு.

முழங்கால் பெரும்பாலும் முதுமையில் தேய்வது. கணுக்காலோ என்றோ நேர்ந்த எலும்புமுறிவின் அல்லது தசைநார்க் கிழிவின் பின்விளைவாகவே பெரும்பாலும் தேய்கிறது. ஆதலால் நடுவயதிலேயே முடிவெடுக்க நேரிடுகிறது. காலணி மாற்றம், பட்டை, பயிற்சி ஆகியவை பயன் தராதபோதே அறுவை பற்றிய பேச்சு எழும். எலும்புகளை இணைத்து மூட்டை அசைவற்றதாக்கினால் வலி பெரிதும் தணியும். ஆனால் அண்டை மூட்டுகள் கூடுதல் சுமை தாங்கி, காலப்போக்கில் தாமும் தேயக்கூடும். செயற்கை மூட்டு அசைவைக் காக்கும். அது தளர்ந்தாலோ மீண்டும் அறுவை. ஆக, எந்த இழப்பை ஏற்பது என்பதே இங்குள்ள தேர்வு.

தவிர்க்கக்கூடிய வலியை வீணே சுமப்பது தவமன்று. சில வேளைகளில் அது கத்தியைக் கண்ட அச்சமே. முயன்றபின் எஞ்சுவதைப் புலம்பாமல் ஏற்பதே திதிக்ஷை. இடக் கையில் தோன்றிய கட்டிக்காக ரமண மகரிஷி 1949-இல் பலமுறை அறுவைக்கு உட்பட்டார். அதனால் அவரது பொறுமை குறைந்ததாக எவரும் கருதவில்லை.

தமக்கு இழக்கவியலாத அசைவு எதுவென்பதை மருத்துவரிடம் செல்லுமுன் ஒருவர் தெளிந்துகொள்ள வேண்டும். வயலில் குந்தியிருந்து களையெடுப்பவரின் விடை வேறு. நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவரின் விடை வேறு.