வேடிக்கை பார்த்தவர்கள்

ரோமாபுரிக்குப் போகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் கொலோசியம். நானும் அங்கேதான் போய் நின்றேன். உள்ளே நுழைந்ததும் வழிகாட்டியிடம் நான் கேட்ட முதற்கேள்வி, "சிங்கங்கள் எந்தப் பக்கமாக வரும்?" என்பதுதான். அவர் சிரிக்கவில்லை, வியப்படையவும் இல்லை. நாள்தோறும் எத்தனையோ பேர் கேட்கிற கேள்வி போலும். தரைக்கடியில் தெரிந்த அறைகளைக் காட்டினார். அங்கே கூண்டுகள் இருந்தனவாம். கூண்டுகளைக் கயிறு கட்டி மேலே தூக்கும் பொறிகள் இருந்தனவாம். அந்தப் பொறிகளைச் சுற்றுவதற்கு அடிமைகள் இருந்தார்களாம்.

ஆவலோடு எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. இங்கே இறந்தவர்கள் யார் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெஸ்பாசியன் என்ற சக்கரவர்த்தி தொடங்கிய இந்தக் கட்டடத்தை, அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தான். திறப்பு விழாக் கேளிக்கைகள் நூறு நாள் நடந்தன. 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம், எண்பது வாயில்கள். சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம் என்று கணக்கிடுகிறார்கள். வெளியே வந்து சற்று நடந்தால் டைட்டஸின் வெற்றி வளைவு நிற்கிறது. கி.பி. 70-இல் அவன் ஜெருசலேமை அழித்தபோது, அங்கிருந்த ஆலயத்தின் ஏழு கிளை விளக்கை வீரர்கள் சுமந்து செல்லும் காட்சியை அதில் செதுக்கியிருக்கிறார்கள். கொலோசியத்தில் கிடைத்த ஒரு கல்லில், பதித்திருந்த வெண்கல எழுத்துக்கள் போய்த் துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தத் துளைகளைக் கொண்டே ஓர் அறிஞர் 1995-இல் பழைய வாசகத்தை ஊகித்துப் படித்தார். போரில் கிடைத்த கொள்ளைப் பொருளைக் கொண்டு கட்டியது என்பதுதான் அதன் கருத்து.

இவ்வளவும் தெரிந்தவுடன் மனம் நிம்மதியடைகிறது. பழியைப் போட இரண்டு மன்னர்கள் கிடைத்துவிட்டார்கள் அல்லவா? ஆனால் படிவரிசைகளைப் பார்க்கும்போது அந்த நிம்மதி நிலைப்பதில்லை. மன்னன் அரங்கைக் கட்டினான். அதை நிரப்பியவர்கள் யார்? முன்வரிசையில் செனட் சபையினர். அவர்களுக்குப் பின்னால் செல்வர்கள். அதற்கும் மேலே சாதாரண மக்கள். உச்சியில் ஏழைகளும் பெண்களும். அன்று காலையில் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்தவர்களும், அடுத்த வீட்டு நோயாளியை விசாரித்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். யாரும் கையில் வாள் எடுக்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பார்த்தார்கள். அவ்வளவுதான்.

பார்ப்பது குற்றமா?

புனித அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்றில் அலிப்பியஸ் என்ற நண்பரைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க ரோமாபுரிக்கு வந்த நல்ல இளைஞர் அவர். இந்தக் கேளிக்கைகளை அடியோடு வெறுத்தவர். ஒருநாள் தோழர்கள் அவரை வலுக்கட்டாயமாக அரங்குக்கு இழுத்துச் சென்றார்கள். உடம்புதானே அங்கே இருக்கப் போகிறது, மனத்தை விடமாட்டேன் என்று கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எவனோ ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. என்னதான் என்று பார்ப்போமே எனக் கண்ணைத் திறந்தார். பிறகு மூட முடியவில்லை. தாமும் கத்தினார். மறுமுறை அவரே வந்தார். வேறு பலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிற்காலத்தில் ஆயராக உயர்ந்த மனிதருக்கே இந்தக் கதி!

தியோடரெட் என்ற பழைய வரலாற்றாசிரியர் இன்னொரு செய்தியைச் சொல்கிறார். டெலிமாக்கஸ் என்ற துறவி கீழ்த்திசையிலிருந்து ரோமாபுரிக்கு வந்தார். வாட்போர் நடந்துகொண்டிருந்தபோது களத்தில் இறங்கிச் சண்டையிட்டவர்களைத் தடுக்கப் பார்த்தார். அவரைக் கொன்றது வீரர்களின் வாள் அன்று. வேடிக்கை கெட்டதே என்ற ஆத்திரத்தில் பார்வையாளர்கள்தாம் கல்லெறிந்து கொன்றார்கள். அதைக் கேள்வியுற்ற பிறகே ஹொனோரியஸ் சக்கரவர்த்தி அந்தப் போட்டிகளை நிறுத்தினானாம். சும்மா பார்த்துக்கொண்டிருந்த கைகளுக்குக் கல்லை எடுக்க எத்தனை நேரம் ஆயிற்று?

இதை நினைத்தபோது, நான் மறக்க விரும்பிய ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. கடைத்தெருவில் ஒரு பையனைத் திருடன் என்று சொல்லி விளக்குக் கம்பத்தில் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுகூட இராது. நான் அடிக்கவில்லை. 'அடியுங்கள்' என்று சொல்லவும் இல்லை. கூட்டத்தின் பின்னால் நின்று, முன்னால் நின்றவரின் தலை மறைத்ததால் சற்று எம்பிப் பார்த்தேன். அந்த எம்பலை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேடிக்கை பார்ப்பது என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஒருவனுடைய வேதனை நமக்கு வேடிக்கையாகிவிட்டதை அந்தச் சொல்லே ஒப்புக்கொண்டுவிடுகிறது. கூட்டம் இல்லாவிட்டால் அடிக்கிறவனுக்குப் பாதிக் கை ஓய்ந்துவிடும். பின்வரிசையில் நின்ற நானும் அந்தக் கைக்குப் பலம் கொடுத்தேன்.

அப்படியானால் கொலோசியத்தைப் பார்க்கவே கூடாதா? பார்க்கத்தான் வேண்டும். அதன் வளைவுகளின் அழகு பொய்யன்று. அதைக் கட்டிய கைகளின் திறமையும் பொய்யன்று. ஆனால் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. களத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் இப்போது தளம் அமைத்திருக்கிறார்கள். நான் இறங்கிப் போய் அங்கே நின்று மேலே பார்த்தேன். நாற்புறமும் படிவரிசைகள். ஒவ்வொன்றிலும் என்னைப் போன்ற ஒருவன் உட்கார்ந்து, முன்னால் இருப்பவனின் தலை மறைக்கிறதே என்று எம்பிப் பார்ப்பதுபோல் தோன்றியது. அதிக நேரம் அங்கே நிற்க முடியவில்லை.

1999-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புது வழக்கம் தொடங்கினார்கள். உலகில் எங்கேனும் ஒருவருடைய மரண தண்டனை நீக்கப்பட்டாலும், ஒரு நாடு அந்தத் தண்டனையையே ஒழித்தாலும் கொலோசியத்தில் பொன்னிற ஒளி ஏற்றுவது என்று. நான் போன இரவில் அந்த ஒளி இல்லை. வழக்கமான விளக்குகள்தாம் எரிந்தன. ஆயினும் வெளியே வெகுநேரம் நின்றேன். ஓர் உயிர் பிழைத்தது என்று கேட்டு மக்கள் இங்கே கூடி நிற்கும் இரவு ஒன்று வந்தால், அந்தக் கூட்டத்தில் எம்பிப் பார்க்க எனக்குக் கூச்சமே இராது.